திருவொற்றியூர் புல்லட்டும் ஹிமாலயன் வெள்ளோட்டமும்

ஹிமாலயன் என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் அறிமுகப்படுத்திய நெடும்பயண மோட்டார் சைக்கிள் ஆகும். அந்நிறுவனத்தின் இந்திய வரலாறு வடசென்னையில் வேரூன்றியது. எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் புல்லட் வண்டிகளைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களே இங்கு பொருத்தப்பட்டன. பின்னர் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. 1970-இல் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி தொடர்ந்தது.

லடாக் செல்லும் பயணிகள் பல்லாண்டுகள் புல்லட்டையே நம்பினர். ஆனால் அது மலைக்கென வடிவமைக்கப்பட்டதன்று. ஹிமாலயனுக்கோ 411 சிசி எஞ்சின், 21 அங்குல முன்சக்கரம், 220 மி.மீ. தரை இடைவெளி ஆகியவை அமைந்தன.

இத்தகைய வண்டியை வெள்ளோட்டம் பார்ப்பவர் வேகத்தை மட்டும் கவனிப்பதில்லை. எழுந்து நின்று ஓட்டும்போது கைப்பிடி எட்டுகிறதா, பள்ளத்தில் அடிப்பாகம் தட்டுகிறதா, காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் திணறுகிறதா, சரிவில் நிறுத்தினால் கால் ஊன்றுகிறதா என்பனவே முக்கியம். 2023-இல் வந்த 452 சிசி வண்டியில் திரவக் குளிர்விப்பும் சேர்ந்தது.

எல்லைக் காவலுக்கென வாங்கப்பட்ட வண்டியின் வழித்தோன்றல் ஒன்று மலைக்கென்றே உருவாக அறுபது ஆண்டுகள் ஆயின.