ஒரு சிகிச்சை அட்டைக்கு உரை

"தொண்டைப் புற்று. 70 கிரே. 35 அமர்வு. 6 எம்வி. கணக்கு மறுபடி பார்த்தது. க்யூஏ சரி."

மாதிரிக்கு நானே எழுதிக்கொண்ட வரி இது. 'கரன்ட் வைக்கிறோம்' என்று நம் வீடுகளில் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அட்டை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

70 கிரே: ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கினால் ஒரு கிரே. அது ஒரு கிலோ தண்ணீரில் ஏற்றும் சூடு 0.00024 டிகிரிதான், எழுபதையும் சேர்த்தால்கூட 0.017 டிகிரி. கதிர் சுட்டுக் கொல்வதில்லை, செல்லின் டிஎன்ஏவை அறுக்கிறது. ஆகவே மேசையில் படுத்திருப்பவருக்கு அந்நேரம் கதிர் கூடிற்றா குறைந்ததா என்று தெரியவே தெரியாது. அவருக்காக வேறொருவர் அளந்தாக வேண்டும்.

35 அமர்வு: நாளுக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். இடைப்பட்ட நேரத்தில் நல்ல திசு தேறிக்கொள்ளும்.

6 எம்வி: லினாக் என்ற இயந்திரம் தரும் கதிரின் ஆற்றல். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மருத்துவ இயற்பியலாளர் தண்ணீர்த் தொட்டியில் 10 செ.மீ. ஆழத்தில் அயன் சேம்பர் என்ற அளவியை இறக்கி அளந்து சொல்கிறார். அந்தச் சேம்பருக்குள் இருப்பது அறைக் காற்று. அறை 20 டிகிரிக்குப் பதில் 25 டிகிரியாக இருந்து, திருத்தம் போட மறந்தால் 1.7 சதவீதம் பிசகும்.

கணக்கு மறுபடி பார்த்தது: இந்த மூன்று சொற்களுக்காகத்தான் இந்த உரையே. 1988இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் கதிர் தரும் புது கோபால்ட் மூலத்தின் அளவு தவறாகக் குறிக்கப்பட்டு, 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதல் கதிர் போயிற்று. அதே நாட்டின் ஸ்டோக் நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. தூரத்துக்கான திருத்தத்தைக் கணினியே செய்துகொண்டிருந்தது. ஊழியர்கள் கையாலும் அதையே போட்டார்கள். 1982 முதல் 1991 வரை ஏறத்தாழ ஆயிரம் பேருக்குக் கதிர் குறைந்தது, சிலருக்கு 30 சதவீதம் வரை. கூடினால் நாள்போக்கில் தோல் வெந்து காட்டிக்கொடுக்கும். குறைந்தால் நோயாளி சுகமாக வீடு திரும்புவார். பிறகு கட்டி திரும்பி வரும், பழி நோயின் மேல் விழும். எனக்கு அதிகம் அச்சம் தருவது இந்தக் குறைவுதான்.

தவறான கணக்கை அதே கணக்கால் நூறு முறை பார்த்தாலும் சரியென்றே வரும். அதனால்தான் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் அளவுமானிகளை மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்பி, அங்கே கதிர் காட்டித் திருப்பி வாங்கிப் படிக்கின்றன. 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தேடப்படும்.

க்யூஏ சரி: க்யூஏ என்பது தரச் சரிபார்ப்பு; நோயாளி இல்லாமல், உணரிகள் பதித்த பலகை மேல் சிகிச்சைப் பிளானை ஓட்டிப் பார்ப்பது. 3 சதவீதம், 2 மி.மீ. வரம்புக்குள் 95 சதவீதப் புள்ளிகள் பொருந்தினால் 'சரி' என்பது பரவலான வழக்கம். பொருந்தாத ஐந்து சதவீதப் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று அந்தச் சொல் சொல்லாது. தொண்டைக்குப் பின்னால் தண்டுவடம் ஓடுகிறது. அதை 45 கிரே அளவோடு நிறுத்தப் பார்ப்பார்கள். தவறிய புள்ளிகள் அந்த ஓரத்தில் திரண்டிருந்தால், 95ஐத் தாண்டிய பிளானையும் மறுபடி போடத்தான் வேண்டும்.