ரத்தம் நிற்காதவர்கள் தந்த மருந்து

1918-இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மன் ஒரு விநோத நோயைப் பற்றி எழுதினார். மூக்கில் ரத்தம் வந்தால் லேசில் நிற்காது, ஈறு கசியும், சின்ன அடிக்கே தோல் கன்றிப்போகும். ஆனால் ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தால் குறைவே இல்லை. இருந்தும் அவை வேலை செய்யவில்லை. பரம்பரையாக வரும் அந்தக் கோளாறுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

காரணம் பிடிபட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1974-இல் பாரிஸில் ஆலன் நர்டனும் ழாக் கானும் இந்நோயாளிகளின் தட்டணுக்களை ஆராய்ந்தார்கள். மேற்பரப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதத்தைக் காணோம். ரத்தக்குழாய் கிழிந்ததும் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. உடனே இந்தப் புரதம் வடிவம் மாறி, ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜனைப் பற்றுகிறது. ஒரு ஃபைப்ரினோஜனை இரு தட்டணுக்கள் இருபுறமும் பற்றுவதால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிழிசலை அடைக்கின்றன. கிளான்ஸ்மன் நோயாளிகளிடம் அந்தப் பிடிமானம் இல்லை.

இதே அடைப்பு இதயத் தமனிக்குள் உண்டானால் மாரடைப்பு. அப்படியானால் இந்த நோயைச் சிறிது நேரம் மட்டும் வரவழைத்தால் என்ன? நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் பாரி காலர் இந்த வழியில் இறங்கினார். சுண்டெலிகளுக்கு மனிதத் தட்டணுக்களைச் செலுத்தி, அந்த எலிகளிலிருந்து, தட்டணுப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை உருவாக்கினார். சரியானதைக் கண்டுபிடிக்க அவர் வைத்த சோதனை எளிமையானது. ஃபைப்ரினோஜன் பூசிய நுண்மணிகளோடு தட்டணுக்களைக் கலந்தால் கண்ணெதிரே திரளும். எந்த ஆன்டிபாடியைச் சேர்த்தால் திரளவில்லையோ, அதுதான் தேடியது. 1983-இல் வெளிவந்த அவரது கட்டுரை, நல்ல தட்டணுக்களையும் கிளான்ஸ்மன் தட்டணுக்கள்போல ஆக்க முடியும் என்று காட்டியது.

அடுத்து அவர் உருவாக்கிய இன்னொரு ஆன்டிபாடியே மருந்தானது. எலிப் புரதத்தை உடல் எதிர்க்கும் என்பதால் அதில் ஒரு பகுதியை மனிதப் புரதமாக மாற்றினார்கள். 2,099 பேர் பங்கேற்ற ஆய்வில், இதயத் தமனி அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பின் மரணம், மாரடைப்பு, அவசர மறுசிகிச்சை ஆகியவை மொத்தமாக 35 சதவீதம் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவோ இரு மடங்கானது. நோயை நகலெடுத்ததற்கான விலை அது. 1994 டிசம்பரில் அப்சிக்ஸிமாப் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே புரதத்தைத் தடுக்கும் டைரோஃபிபான், எப்டிஃபிபடைட் ஆகியவையும் தொடர்ந்து வந்தன.

இவற்றால் கிளான்ஸ்மன் நோயாளிகளுக்கு ஒரு பயனும் இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். ஆகவே சொந்தத்துக்குள் மணம் செய்யும் தென்னிந்தியாவில் இது கூடுதலாகவே தென்படுகிறது. இந்நோயுள்ள பெண் பிள்ளைகளுக்கு முதல் மாதவிடாயே உயிராபத்தாகலாம். பெரும்பாலோருக்கு இன்றும் தட்டணு ஏற்றுவதும் ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும்தான் கைகொடுக்கின்றன. அபூர்வ நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டால், "இது எத்தனை பேருக்கு வருகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சிலரின் ரத்தம் கற்றுத்தந்த பாடத்தால் ஏராளமான இதயங்கள் பிழைத்திருக்கின்றன. அவர்களுக்கான சிகிச்சையைத் தேடுவது தர்மம் அல்ல, நாம் அடைக்க வேண்டிய கடன்.