பந்த்தும் கடல்கடந்த கணினி வேலையும்: பெங்களூர்த் தொழில் வரலாற்றில் ஒரு கூறு

1980ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் ஓய்ந்தன. விமானம், தொலைபேசி, கைக்கடிகாரம், மின்னணுக் கருவி, மண்ணகழ் இயந்திரம் முதலியவற்றை உற்பத்தி செய்த அரச நிறுவனங்களின் தொழிலாளர் பல்லாயிரவர், பாரத மிகுமின் நிறுவனத் தொழிலாளருக்கு ஒப்பான சம்பளம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 77 நாட்கள் நீடித்த அப்போராட்டம் தன் முதன்மைக் கோரிக்கையை வென்றெடுக்காமலே 1981 மார்ச்சில் முடிவுற்றது. அந்நகரின் தொழிற்சங்க இயக்கம் அதன் பின்னர் பழைய வலுவை மீளப்பெறவில்லை எனலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1985இல், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி இதே நகரில் ஒரு வடிவமைப்பு நிலையத்தை நிறுவிற்று. இங்குள்ள பொறியியலாளர் எழுதிய நிரல்கள் செய்மதி இணைப்பின் வழியே தாய்க் கம்பனியைச் சென்றடைந்தன. கப்பல் வேண்டியதில்லை, துறைமுகம் வேண்டியதில்லை, சுங்கச் சாவடியில் காத்துக்கிடக்க வேண்டியதுமில்லை. துறைமுகத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் மறிக்கக்கூடிய சரக்கு ஒன்று இத்தொழிலில் இருக்கவில்லை. மென்பொருள் எழுதுவோரிடையே சங்கமும் இருக்கவில்லை. வேலைநிறுத்தம் என்னும் ஆயுதம் எட்டாத ஒரு தொழில் இறுதியில் தோன்றிவிட்டது என முதலீட்டாளர் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் செய்மதி சுமந்து சென்றது உழைப்பின் பயனை மட்டுமே. உழைப்பவர் நாள்தோறும் வீதி வழியாகவே வேலைத்தலத்துக்கு வரவேண்டியிருந்தது. பெங்களூரின் பிற்கால வரலாற்றில் இவ்வேறுபாடு மீண்டும் மீண்டும் முன்வந்து நின்றது.

வேலைநிறுத்தம் தொழிலகத்தின் உள்ளிருந்து எழுவது. இலங்கையில் ஹர்த்தால் என்று வழங்குவதும் இந்தியாவில் பந்த் எனப்படுவதுமான கடையடைப்போ அதன் வாயிலுக்கு வெளியே எழுவது. முன்னதில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே பேச்சுக்கு இடமுண்டு. பின்னதில் கம்பனி ஒரு தரப்பே அன்று. நதிநீருக்காகவோ மொழிக்காகவோ நிகழும் கலகத்தோடு எந்த முகாமையாளர் எதைப் பேசித் தீர்ப்பது?

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசெம்பரில் வர்த்தமானியில் வெளியிடப்பட்டதும் பெங்களூரில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது. உயிர்கள் பல மாண்டன. தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் எல்லை கடந்து தமிழ்நாட்டுக்கு ஓடின. அவ்வாண்டிலேதான் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டமும் தொடங்கப்பட்டிருந்தது. தொழில் இன்னும் சிறியதாக இருந்தமையால் கடல்கடந்த வாடிக்கையாளருக்கு அக்கலகத்தின் அதிர்வு ஏறக்குறைய எட்டவேயில்லை. துன்பம் முழுவதும் கூலித் தொழிலாளரின் குடியிருப்புகளோடு நின்றுவிட்டது.

2000ஆம் ஆண்டு ஜூலை 30இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது நகரம் சில நாட்கள் முடங்கியது. எனினும் நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்பதை முழுமையாகக் காட்டியது 2006 ஏப்ரல் 12இல் நிகழ்ந்த அவரது மரணமே. அன்று பிற்பகலிலேயே கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. பஸ் வண்டிகள் எரிந்தன. மறுநாள் இறுதி ஊர்வலத்தின்போது கலவரம் முற்றியது. இரு நாட்களிலும் ஒரு பொலிஸ்காரர் உட்பட எண்மர் உயிரிழந்தனர். மென்பொருட் கம்பனிகள் கதவடைத்தன. பன்னாட்டுக் கம்பனிகள் சிலவற்றின் கண்ணாடிச் சுவர்கள் கல்வீச்சுக்கு உள்ளாயின. வெளிநாட்டுப் பத்திரிகைகள், நடிகர் ஒருவரின் சாவுக்காகத் தொழில்நுட்பத் தலைநகர் ஏன் எரிகிறது என்று புரியாமல் திகைத்தன.

ஆனால் காரணம் அத்துணை மறைவானதன்று. 1982இல் கன்னடத்துக்குக் கல்வியில் முதலிடம் கோரிய கோகாக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ராஜ்குமார். அரச தொழிற்சாலையில் கன்னடம் மட்டுமே அறிந்த ஒருவருக்கு இயந்திரத்தின் முன் ஓர் இடம் இருந்தது. ஆங்கிலத்தைக் கடவுச்சீட்டாகக் கொண்ட புதிய தொழிலில் அவருக்குக் காவலாளி வேலையோ வண்டியோட்டும் வேலையோதான் எஞ்சியது. நிலத்தின் விலை ஏறியது, வாடகை ஏறியது, நகரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. அப்பெருமையில் பங்கு கிடைக்காத இளைஞர் கண்ணாடிக் கட்டிடங்களை நோக்கிக் கல்லெறிந்ததை வெறும் ரசிகர் வெறி என்று ஒதுக்குவது வரலாற்றைத் தட்டிக்கழிப்பதாகும். அக்கல்வீச்சு நியாயமானது என்பதன்று இதன் பொருள். காரணமுடையது என்பதே பொருள்.

கம்பனிகளும் பாடம் கற்றன. நியூயோர்க்கிலுள்ள வங்கிக்குப் பெங்களூரின் துக்கம் ஒரு சாட்டாகாது. ஒப்பந்தங்களில் சேவையின் அளவும் காலமும் வரையறுக்கப்பட்டிருந்தன, தவறினால் தண்டப்பணம். 2002இல் இந்திய பாகிஸ்தான் போர் மூளுமோ என்ற அச்சத்தில், இந்தியாவை விட்டு வெளியேறுமாறு அமெரிக்க அரசு தன் குடிகளுக்கு ஆலோசனை கூறியபோதே, வாடிக்கையாளர் மாற்று ஏற்பாடுகள் பற்றி வினவத் தொடங்கியிருந்தனர். இன்போசிஸ் மொரீசியசில் ஒரு மாற்று நிலையம் அமைத்தது அச்சூழலிலேயே. நாளடைவில் ஒரே பணியை இரு நகரங்களுக்குப் பகிர்ந்தளிப்பதும், கலகம் மூளக்கூடிய நாட்களில் ஊழியரை அலுவலகத்திலேயே தங்கவைப்பதும், அடைப்பு நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமையை வேலைநாளாக்குவதும் வழக்கமாயின. இவற்றின் பயனை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். நட்டம் மறையவில்லை, இடம்பெயர்ந்தது. வாடிக்கையாளர் இழக்கவேண்டிய நாளை ஊழியர் தம் ஓய்வு நாளால் ஈடுசெய்தனர். ஓடிய தடவைக்குக் கூலி பெறும் வண்டிச் சாரதிக்கு ஈடு செய்ய எந்தச் சனிக்கிழமையும் இருக்கவில்லை.

2016 செப்டெம்பரில் இவ்வேற்பாடுகள் கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 15,000 கனஅடி வீதம் காவிரி நீரைத் திறந்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் 5ஆம் திகதி ஆணையிட்டது; 12ஆம் திகதி அவ்வளவை 12,000 ஆகக் குறைத்தது. அன்றே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தேடித்தேடிக் கொளுத்தப்பட்டன. ஒரே தரிப்பிடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பஸ் வண்டிகள் சாம்பலாயின. இருவர் இறந்தனர், 16 பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மின்னணு நகரம் ஓசூர் வீதியில், தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியிலேயே அமைந்திருந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. உலகத்தோடு நொடியில் தொடர்புகொள்ளத்தக்க அலுவலகங்கள், இரு மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் வீதியை நம்பி நின்றன. ஓசூரில் குடியிருந்து எல்லை கடந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அத்திபெலேச் சாவடி அந்நாட்களில் ஒரு மதிலாயிற்று.

2020இல் கொள்ளைநோய் வந்தபோது ஊழியர் வீடுகளிலிருந்தே வேலை செய்ய நேர்ந்தது. செய்மதி 1985இல் சரக்கை வீதியிலிருந்து விடுவித்ததென்றால், கொள்ளைநோய் உழைப்பவரையும் விடுவித்தது. காவிரிக்காகவே 2023 செப்டெம்பர் 26இல் பெங்களூரிலும் 29இல் மாநிலம் முழுவதிலும் பந்த் நடைபெற்றபோது, வீட்டிலிருந்தே பணியாற்றுமாறு கம்பனிகள் பல ஊழியருக்கு அறிவித்தன. வீதி வெறிச்சோடியது, வேலை நடந்தது. கடையடைப்புக்கு நகரின் இப்பகுதியை நிறுத்தும் ஆற்றல் அத்துடன் பெரிதும் குறைந்துபோயிற்று.

ஆனால் வீடு வேலைத்தலமானபோது வேலைநேரத்தின் எல்லையும் கரைந்தது. 1980இன் தொழிலாளரிடம் இருந்து பின்னர் அற்றுப்போன சங்கம், 2017இல் கர்நாடகத் தகவல்தொழில்நுட்ப ஊழியர் சங்கமாக மறுபடி தோன்றியது. தொழிலகங்களின் நிலையாணைகள் பற்றிய சட்டத்திலிருந்து இத்தொழிலுக்கு 2014இலும் 2019இலும் வழங்கப்பட்ட விலக்கு 2024இலும் நீடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் இரண்டு முன்மொழிவுகள் அடுத்தடுத்து எழுந்தன. தனியார் வேலைகளில் உள்ளூராருக்கு ஒதுக்கீடு வழங்கும் சட்டமூலம் ஒன்று. கம்பனிகளின் எதிர்ப்புக்கு அஞ்சி அது நிறுத்திவைக்கப்பட்டது. நாளொன்றில் 14 மணிநேரம் வரை வேலைவாங்க இடமளிக்கும் திருத்தம் மற்றொன்று. இதற்கு எதிராக ஓகஸ்டில் மென்பொருள் ஊழியர் கூடினர். அவர்கள் கூடிய சுதந்திரப் பூங்கா, முன்னாளில் நகரின் மத்திய சிறைச்சாலையாக இருந்த இடம்.