துணையில்லாக் கம்பி முனைகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தியபோது மோட்டார் வண்டி உலகில் எங்குமே பிறந்திருக்கவில்லை. இன்றோ, காப்பித் தோட்டங்களுக்கும் மலைச் சிற்றூர்களுக்கும் பலர் மோட்டார் சைக்கிளிலேயே போய்வருகின்றனர். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், வளைவு திரும்புகிறவருக்கு முகப்பு விளக்கே கண். அந்த விளக்கிற்கு உயிர் கொடுப்பவை கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மின்கம்பிகள். அவற்றின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையே இன்று பேச எண்ணுகிறேன்.

மோட்டார் சைக்கிளின் இருக்கையைக் கழற்றிப் பார்த்த மாணவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கம்பிகள் கட்டுக்கட்டாக ஓடும். ஒவ்வொரு கட்டின் முனையிலும், பட்டறைக்காரர் ‘கப்ளர்’ என்று சொல்லும் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று தன் துணையோடு பொருந்தியிருக்கும். ஆனால், ஏதோ ஒரு முனை மட்டும் துணையின்றித் தொங்கும். வண்டியோ குறைவின்றி ஓடும். ‘இது எதற்கு?’ என்ற கேள்வி எழும். சிலர் அதை வெட்டி எறிவர். சிலர் அருகிலுள்ள மற்றொன்றில் செருகிப் பார்ப்பர். இரண்டும் தவறு. அம்முனை எதற்காகப் பிறந்தது என்று அறிவதே முதற்கடமை. அதற்கு வரலாறு துணை செய்யும்.

தொடக்கக் கால மோட்டார் சைக்கிள்களில் மின்கம்பிகள் மிகச் சில. விளக்கு எரிந்தது மின்சாரத்தால் அன்று. கார்பைடுக் கல்லில் நீர் சொட்டுவதால் உண்டாகும் அசிட்டிலீன் வாயுவால். 1902-இல் ஜெர்மானிய பாஷ் நிறுவனம் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கியது. பாட்டரி இன்றியே தீப்பொறி கிடைத்தது. பின்னர் டைனமோவும் பாட்டரியும், மின்விளக்கும் ஹார்னும் வந்து சேர்ந்தன.

நம் மாநிலத்தில் 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. அந்தப் பழைய வண்டியில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிச் சென்றே அதன் மறுமுனையைக் கண்டுவிடலாம். 1977-இல் புல்லட் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவிற்கும் ஏற்றுமதியாகத் தொடங்கியது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. விளக்கு பற்றிய விதி வேறு. மாதிரிக்கு மாதிரி வசதியும் வேறு. இத்தகைய நிலையில், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கம்பிக் கட்டுச் செய்வதைவிட, எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரே கட்டைச் செய்துவிட்டு, தேவையற்ற முனையை வெறுமையாக விடுவது எந்தத் தொழிற்சாலைக்கும் சிக்கனமானது. துணையில்லா முனைகள் பல பிறந்த கதை இதுவே. உயர்ந்த மாதிரியில் உண்டு, தாழ்ந்த மாதிரியில் இல்லை என்ற ஏதோ ஒரு கருவியின் காலியிடம் அது.

1984-இல் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தின் இண்ட்-சுசுகியும், 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் வந்தபோது ஜப்பானிய முறை நம் சாலைகளில் பரவியது. கம்பிகளின் நிறமும் மாறியது. வண்டியின் உடலோடு சேரும் ‘எர்த்’ கம்பி ஹோண்டாவில் பச்சை, சுசுகியில் வெள்ளைக் கோடிட்ட கறுப்பு, யமஹாவில் கறுப்பு. ஆகவே, ஒரு வண்டியில் கற்ற நிறப்பாடத்தை மற்றொரு வண்டியில் ஒப்பித்தல் ஆகாது.

அண்மைக் காலச் சட்டங்களும் தம் தடத்தைப் பதித்துள்ளன. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்றாயிற்று. விளக்கை அணைக்கும் விசை மறைந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் எரிபொருள் செலுத்தும் முறை மின்னணுக் கருவியின் ஆட்சிக்குட்பட்டது. இத்தகைய வண்டிகளில் மூடியிட்ட முனை ஒன்று காணப்படும். அது பயனற்றதன்று; கோளாறு நேரும்போது பட்டறையின் சோதனைக் கருவியைப் பொருத்தும் இடம். அதை அறியாது வெட்டினால், மருத்துவர் நாடி பார்க்கும் கையையே வெட்டியது போலாகும்.

இனி, இனம் காணும் முறை. முதலில் இடத்தைக் கவனியுங்கள்: கைப்பிடி அருகிலா, இருக்கையின் கீழா, பின்விளக்கின் பக்கமா? இடமே பாதி விடை சொல்லும். அடுத்து, முனையின் வடிவம், ஊசிகளின் எண்ணிக்கை, கம்பியின் நிறம், அதன்மேலுள்ள கோடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின், அதே மாதிரிக்குரிய பட்டறைக் கையேட்டின் கம்பிப் படத்தோடு ஒப்பிடுங்கள். மின்னோட்டம் உண்டா என்பதை மல்டிமீட்டரால், சாவியை மூடியும் திறந்தும் அளந்து அறியலாம். பல்பு பொருத்திய பழைய சோதனைக் கம்பி மின்னணுக் கருவிகளுக்குக் கேடு செய்யக்கூடும்.

இவ்வளவு கவனம் ஏன்? துணையில்லா முனையிலும் சில வேளைகளில் மின்சாரம் இருக்கும். அது இரும்புச் சட்டத்தில் உராய்ந்தால் ப்யூஸ் எரியும். முகப்பு விளக்கும் அதே ப்யூஸைச் சார்ந்திருந்தால், விளக்கு அணையும். சமவெளியில் அது ஒரு தொல்லை. மூடுபனியில், பள்ளத்தை ஒட்டிய வளைவில், உயிருக்கே ஆபத்து. ஆகவே, இனம் கண்டபின் முனையை மூடியிட்டு, நீர் புகாமல் நாடாச் சுற்றி, அசையாமல் கட்டிவையுங்கள். அதன் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி இணையுங்கள். நாளை அவ்வண்டியைத் திறக்கும் இன்னொருவர் அதைப் படித்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்.