முந்திரிகை: மலையிறங்கி வந்த பெயர்

போர்க்காலத்தில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் சின்னம்மா, இரண்டாம் வாரமே ஒரு மளிகைக் கடையில் கால் கிலோ முந்திரிகைப்பழம் கேட்டார். "முழுசா, உடைச்சதாம்மா?" என்றார் கடைக்காரர். "உடைச்ச பழத்தை ஆர் வாங்குவினம்? முழுசாத் தாங்கோ" என்றார் சின்னம்மா. விலையைக் கேட்டபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கஜு. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குச் சாறு பிழிந்து கொடுக்கப் போனவர் அவர்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் கொடியில் குலையாகத் தொங்கும் பழம். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் பருப்பு. அங்கே பழத்துக்குப் பெயர் திராட்சை. இங்கே பருப்புக்குப் பெயர் கஜு. யார் பிழையாகச் சொல்கிறார்கள் என்ற சண்டை சின்னம்மா வீட்டில் பல வருடம் நடந்தது. இரு பக்கமும் பிழை இல்லை. ஆனால் மூப்பு எங்கள் பக்கம் இருக்கிறது.

முந்திரிக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர்விளக்கம் சொல்வார்கள். பழத்துக்கு வெளியே, முந்திக்கொண்டு துருத்தி நிற்கிறது கொட்டை, ஆகவே முந்திரி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கொட்டையைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. பெயரோ அதற்கு முன்பே கொடிக்கு இருந்தது. கொடிமுந்திரி என்று தமிழ்நாட்டு மருத்துவ நூல்கள் இன்றும் திராட்சையைச் சொல்கின்றன. வந்த மரத்துக்கு மரமுந்திரிகை என்று அடைமொழி போட்டார்கள். புழக்கத்தில் அடைமொழி உதிர்ந்தது. பெயர் முழுவதும் பருப்புக்கே போய்விட்டது. பெயரைப் பறிகொடுத்த பழத்துக்கு வடமொழியின் திராக்ஷா வந்து திராட்சையாக நின்றது.

யாழ்ப்பாணம் 1619 இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. பிரேசிலின் துப்பி மொழியில் அக்கஜு என்றிருந்ததைப் போர்த்துக்கேயர் கஜு ஆக்கினார்கள். நாங்கள் பருப்போடு பெயரையும் வாங்கிக்கொண்டோம், பாணையும் நத்தாரையும் வாங்கியதுபோல. அந்நியப் பண்டத்துக்கு அந்நியப் பெயரே இருந்ததால் எங்கள் முந்திரிகை பிழைத்துக்கொண்டது. மலையாளத்திலும் இதே கதைதான்: பருப்புக்குப் பறங்கியண்டி என்று பறங்கியின் பெயரைக் கொடுத்தார்கள், பழம் முந்திரியாகவே இருக்கிறது. கேரளத்தில் கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடும் முந்திரி வைனில் பருப்பைத் தேடி ஏமாறும் சென்னைக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சின்னம்மாவின் பொட்டலம் ஞாபகம் வரும்.

நம் அலுவலகத் தமிழ் மட்டும் இன்னும் மரமுந்திரிகையை விடவில்லை. கஜுக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ப் பெயர்ப்பலகை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனம் என்கிறது. அதைப் பார்த்து மரத்தில் முந்திரிகை காய்ப்பதாக நினைத்த பிள்ளைகள் உண்டு. நானும் ஒருவன்.

சரி, கொடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வடமொழியில் திராக்ஷாவோடு இன்னொரு சொல்லும் உண்டு: மிருத்வீகா. மிருது, அதாவது மென்மை, அதன் அடியில் இருக்கிறது. பாளியில் அது முத்திகா ஆனது. புத்தர் பிக்குகளுக்கு அனுமதித்ததாக விநய பிடகம் சொல்லும் எட்டுப் பானங்களில் மாம்பழச் சாறு, நாவற்பழச் சாறு ஆகியவற்றோடு முத்திகாவின் சாறும் வரும். சிங்களத்தில் அது தேய்ந்து மிதி என்று நிற்கிறது. முந்திரிகையில் ரகரம் தங்கியிருப்பதைப் பார்த்தால், பாளி வழியாக மட்டும் அது வந்திராது என்று எனக்குப் படுகிறது. இடையில் ஒரு நகரம் நுழைந்து சொல்லுக்குத் தமிழ் முகம் கொடுத்துவிட்டது. சிங்களவர் வற்றலுக்கு எங்கள் முந்திரிப்பழத்தையும் கடன் வாங்கி முத்தரப்பலம் என்றார்கள். ஒரே சொல் ஒரு மொழிக்குள் இரண்டு வாசலால் நுழைந்திருக்கிறது.

(முந்திரி என்ற பின்னத்தை இதோடு குழப்ப வேண்டாம். 320இல் ஒன்றுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. அது வேறு குடும்பம்.)

மிருத்வீகாவின் ஊர் மலை. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் 25ஆம் அத்தியாயம் கள்ளும் சாராயமும் விற்பதை மேற்பார்க்கும் அதிகாரியைப் பற்றியது. மிருத்வீகாவின் சாறுதான் மது என்று அங்கே இலக்கணம் சொல்லிவிட்டு, பிறந்த இடத்தைக்கொண்டே அதன் வகைகளை அறியலாம் என்கிறது: காபிசாயனம், ஹாரஹூரகம். காபிசி காபுலுக்கு வடக்கே, இன்றைய பக்ராம் பக்கம், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இந்துகுஷ் மலையடிவாரத்தில் இருந்த நகரம். ஊர்ப்பெயரிலிருந்து காபிசாயனம் என்ற சொல்லை ஆக்கும் விதியைப் பாணினியே எழுதியிருக்கிறார். இன்று பிரான்சில் ஊர்ப்பெயரால் வைனை அழைப்பதைப் பெரிய நாகரிகமாகப் பேசுகிறோம். அதே பக்ராமில் 1937 இலும் 1939 இலும் பிரெஞ்சு அகழ்வாளர் தோண்டியபோது ரோமக் கண்ணாடிக் குவளைகளும் இந்தியத் தந்தச் செதுக்கல்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. என்ன ஊற்றிக் குடித்தார்கள் என்று குவளை சொல்லவில்லை.

பிறகு மது என்ற சொல்லும் கீழே இறங்கியது. கௌடில்யரிடம் முந்திரிகைச் சாற்றுக்கு மட்டும் உரிய பெயர், நம்மிடம் போதை தரும் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. மதுவரித் திணைக்களம் பனையேறுபவருக்கும் உரிமப்பத்திரம் கொடுக்கிறது. யவனர் கலங்களில் வந்ததைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு மது என்றும் சொல்லவில்லை, முந்திரிகை என்றும் சொல்லவில்லை, தேறல் என்கிறது. தெளிந்தது என்று பொருள். வந்த சரக்குக்கு அந்தப் புலவர் தன் வீட்டுச் சொல்லையே கொடுத்தார்.

மலைக்காரப் பெயர் வந்து இறங்கிய எங்கள் நாட்டில் மலை இல்லை. கீரிமலையில் கடலும் கேணியும்தான் இருக்கின்றன. உயரத்தில் ஏறி இறக்கும் பானம் வேண்டுமானால் பனைதான். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கலாம். முந்திரிகை கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில், கிணற்று நீரில், சீமெந்துத் தூண் பந்தலில் படர்கிறது. பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு இனம்.

மலைநாட்டில் குளிர் வந்து கொடியை உறங்க வைக்கும், வசந்தம் எழுப்பும். இங்கே அந்த வேலையைக் கத்திரிக்கோல் செய்கிறது. வருடத்தில் இரண்டு முறை, துளிர் இல்லாமல் மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் நீர் சொட்டும்; கொடி அழுகிறது என்பார் எங்கள் அயலில் தோட்டம் செய்யும் பெரியவர். பிறகு துளிரோடு பூம்பிஞ்சு வரும், நான்கு மாதத்துக்குள் குலை கறுக்கும். பழத்தோலில் சாம்பல் பூத்திருப்பதை விரலால் துடைத்தால் கீழே கருநீலம். கசக்கினால் சாறு வெள்ளை. வைனின் சிவப்பு முழுவதும் தோலில்தான் இருக்கிறது; அதனால் சக்கையோடு சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். மலையில் இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காத்துக் கொடுக்கும். எங்கள் இரவுகளில் அது நடக்காது, இனிப்பு முந்திக்கொள்ளும்.

அச்சுவேலிக்கு அப்பால் தோலகட்டியில் தோமஸ் அடிகள் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் இருக்கிறது. தோலகட்டி வைன், தோலகட்டி நெல்லி ரசம் என்று அந்த ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குவோம். காபிசாயனத்தின் இலக்கணம் அப்படியே. திருச்சபைச் சட்டப்படி பூசைக்குரிய வைன் முந்திரிகைக் கொடியின் கனியிலிருந்துதான் வர வேண்டும். நெல்லியோ பனையோ உதவாது. ஆனால் கோவிலில் வாசிக்கும் விவிலியத்தில் முந்திரிகை இல்லை. நோவா நட்டது திராட்சத்தோட்டம், கானாவூரில் தீர்ந்தது திராட்சரசம். தோட்டத்தில் ஒரு சொல், பீடத்தில் ஒரு சொல். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும்.

வற்றலுக்கு வேறொரு கூத்து. சின்னம்மாவின் பாயாசக் குறிப்பில் "கஜு, பிளம்ஸ்" என்று இருக்கும். பிளம்ஸ் என்றால் முந்திரிகை வற்றல். பழைய ஆங்கிலத்தில் பிளம் புடிங்கில் போடும் உலர்ந்த முந்திரிகையைப் பிளம் என்றார்கள். வெள்ளைக்காரர் அதை மறந்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்துச் சமையலறை மறக்கவில்லை. குறிப்பைச் சென்னை மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் ஒரு கிலோ பிளம்ஸ் பழம் வாங்கி வைத்திருந்தாள்.

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பெண்மணியிடம் இரண்டு குவியல் இருந்தன. ஒன்று கறுப்பு, விதையோடு. மற்றது வெள்ளை, விதையில்லாதது, கப்பலில் வந்தது. இரண்டுக்கும் என்ன விலை என்றேன். "முந்திரிகை மலிவு, தம்பி" என்று கறுப்பைக் காட்டினார். "அது கிரேப்ஸ்."