லியான் வேரின் ‘மியூசிக்கல் மசாஜ்’: பாடல் எழுதியவர் பாட வந்தபோது

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம், ஒரே பாடலாசிரியரின் உழைப்பில் உருவான இரண்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. மார்ச்சில் வெளிவந்த மார்வின் கேயின் ‘ஐ வாண்ட் யூ’ சோல் இசைத்தட்டுகளின் தரவரிசையில் முதலிடம் பெற்றது. செப்டம்பரில் வெளிவந்த லியான் வேரின் ‘மியூசிக்கல் மசாஜ்’ பெரும்பாலான கேட்பவர்களை எட்டவேயில்லை. முன்னதன் பாடல்களில் ஏறக்குறைய அனைத்தையும் கூட்டாக எழுதி, மார்வின் கேயுடன் இணைந்து தயாரித்தவரும் லியான் வேர்தான். ஆகவே, பின்னதன் தோல்வியை இசைத்தரத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. மோட்டவுனின் தொழில் அமைப்பிலும் அதற்கு விடை தேட வேண்டும்.

1959இல் டெட்ராய்ட் நகரில் அந்நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கு கண்ட உற்பத்தி முறையை அவர் இசைக்கும் கொண்டுவந்தார். எழுதுவோர், வாசிப்போர், பாடுவோர் என வேலை பிரிக்கப்பட்டது. எழுதப்பட்ட பாடலின் பதிப்புரிமை நிறுவனத்தின் துணை அமைப்பான ஜோபெட்டிடம் சென்றது. எந்தப் பாடலை யார் குரலில் வெளியிடுவது என்பதை நிர்வாகமே முடிவுசெய்தது. நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் எழுதிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ 1967இல் கிளாடிஸ் நைட் குழுவினரின் குரலிலும், 1968இல் மார்வின் கேயின் குரலிலும் வெளிவந்தது இம்முறைக்குத் தக்க சான்று.

1940இல் டெட்ராய்ட்டில் பிறந்த லியான் வேர் இந்த அமைப்பில் நெடுங்காலம் பிறருக்காக எழுதியவர். டயானா ராஸின் தம்பி ஆர்தர் ‘டி-பாய்’ ராஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஐ வான்னா பீ வேர் யூ ஆர்’ 1972இல் மைக்கேல் ஜாக்சனுக்கு வெற்றி தந்தது. 1975இல் மினி ரிப்பர்டன் பாடிய ‘இன்சைட் மை லவ்’ பாடலிலும் அவர் பங்கு உண்டு. இதே காலத்தில் வேரும் ராஸும் தங்கள் சொந்த வெளியீடுகளை மனத்தில் கொண்டு சில பாடல்களை உருவாக்கி வைத்திருந்தனர். அவற்றுள் ‘ஐ வாண்ட் யூ’வின் மாதிரிப் பதிவைக் கேட்ட கோர்டி, அது மார்வின் கேயிடம் போகவேண்டிய பாடல் எனக் கருதினார். 1973க்குப் பின் கேயின் தனி ஸ்டுடியோ தொகுப்பு எதுவும் வெளிவராதிருந்த நேரம் அது. ஒரு பாடலில் தொடங்கிய கைமாற்றம் முழுத் தொகுப்பாக வளர்ந்தது.

இதைப் பறிப்பு என்று மட்டும் சொல்வது பொருந்தாது. தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிவுசெய்து, கே அப்பாடல்களுக்குப் புதிய உருவம் கொடுத்தார். வேரும் விரும்பியே உடன் உழைத்தார். சிக்கல் அடுத்த தொகுப்பில் எழுந்தது. ‘மியூசிக்கல் மசாஜ்’ உருவானபோது, அதையும் கேயிடம் கொடுத்துவிடலாம் என்று கோர்டி விரும்பியதாகவும், தாம் மறுத்ததாகவும் வேர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தொகுப்பு அவர் பெயரிலேயே வெளிவந்தது. அதற்கு வேண்டிய விளம்பரம் வரவில்லை.

அமெரிக்கச் சட்டம் இந்த நிகழ்வுக்கு ஒரு முரணைச் சேர்க்கிறது. அந்நாட்டு வானொலியில் ஒரு பாடல் ஒலிக்கும்போது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் உரிமைத்தொகை உண்டு, பாடியவருக்கு இல்லை. அதாவது, ‘ஐ வாண்ட் யூ’ ஒலிக்கும்தோறும் தொகை பெறும் உரிமை பாடகரான கேவுக்கு அன்றி எழுதியவர்களுக்கே இருந்தது. எனவே வேர் இழந்ததைப் பணக்கணக்கில் மட்டும் அளக்க இயலாது. தாம் எழுதியதைத் தம் குரலிலேயே கேட்கச் செய்யும் வாய்ப்பை அவர் இழந்தார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்டுடன் இணைந்து மோட்டவுனின் புகழ்பெற்ற பாடல்களை எழுதிய வேலரி சிம்ப்சன், 1971இலும் 1972இலும் அங்கேயே இரு தனித்தொகுப்புகளை வெளியிட்டார். அவையும் கவனம் பெறவில்லை. அதன்பின் அவ்விணையர் வேறு நிறுவனத்துக்குச் சென்று பாடகர்களாகவும் வெற்றி பெற்றனர்.

வெகுசன இசையின் வரலாற்றை எழுதுவோர் தரவரிசைப் பட்டியலை முதன்மைச் சான்றாகக் கொள்வது வழக்கம். அப்பட்டியலில் மக்களின் ரசனையுடன் நிறுவனத்தின் விளம்பர முடிவுகளும் கலந்தே பதிவாகின்றன. அதை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாறு, 1976இல் ஒரு நிர்வாகம் எடுத்த முடிவை அறியாமலே மீண்டும் வழிமொழிகிறது. அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சான பெயர்களைப் படிப்பவருக்கு வேறொரு வரலாறு கிடைக்கும். அந்த வரலாற்றில் கேயின் தொகுப்பும் வேரின் தொகுப்பும் ஒரே படைப்பு மனத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்கள்.

1996இல் மாக்ஸ்வெல்லின் முதல் தொகுப்பில் இணை எழுத்தாளராக வேரின் பெயர் இடம்பெற்றது. 2003இல் ‘மியூசிக்கல் மசாஜ்’ கூடுதல் பதிவுகளுடன் மறுவெளியீடு கண்டது. 2017இல் வேர் மறைந்தார். ‘ஐ வாண்ட் யூ’வைப் பாடமாக வைக்கும் வகுப்புகள் அடுத்த வாரத்துக்கு ‘மியூசிக்கல் மசாஜை’யும் வைக்கலாம், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், குரல் மாறிய இடத்தையும் மாறாத கையையும் தாமே கண்டுகொள்வார்.