ஆவாரம்பட்டையும் கிணற்று நீரும்

கொங்கு நாட்டில் பவானியும் நொய்யலும் அமராவதியும் பாய்கின்றன. எனினும் அவற்றின் நீர் எட்டிய நிலத்தைவிட எட்டாத நிலமே பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இம்மேட்டு நிலத்தில், பாறையைப் பிளந்து ஆழக் கிணறு தோண்டியவர்களே பயிர் கண்டனர். கோவை, அவிநாசி, பல்லடம், தாராபுரம் எனப் பரந்து கிடக்கும் இந்நாட்டைக் கிணற்று நாடு என்று அழைப்பது பொருந்தும். அக்கிணற்றைத் தோண்டியவரின் உழைப்பை நாம் போற்றுகிறோம். மாடு பூட்டி நீர் இறைத்த உழவரைப் போற்றுகிறோம். அந்நீரை மேலே கொண்டுவந்த தோலையும், அத்தோலைப் பதனிட்ட கையையும் நம் வரலாறு எண்ணிப் பார்த்ததுண்டா?

பிற பகுதிகளில் கமலை எனப்படும் இறைவையைக் கொங்கு மக்கள் கவலை என்றனர். 1800ஆம் ஆண்டில் இப்பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் இதனைக் கண்டு தம் பயண நூலில் எழுதி வைத்தார். கிணற்று விளிம்பில் உருளை. அதன்மேல் ஓடும் வடக்கயிற்றின் ஒரு முனையில் மாடுகளின் நுகம், மறுமுனையில் சால். சாலின் அடியில் தோலால் ஆகிய நீண்ட வால் பொருந்தியிருக்கும். மாடுகள் சரிவான பாதையில் இறங்கச் சால் மேலே ஏறும். அப்போது மற்றொரு கயிறு வாலின் நுனியை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருப்பதால் நீர் சிந்தாது. சால் மேலே வந்ததும் வால் தொட்டிக்குள் நீண்டு விழ, நீர் தானே கொட்டும். சாலைக் கவிழ்க்க இன்னோர் ஆள் வேண்டியதில்லை. பழங்காலத்தில் சாலும் தோலே. பின்னர்ச் சால் இரும்பாயிற்று. வளையவும் மடியவும் வேண்டியிருந்த வாலோ தோலாகவே நீடித்தது.

இத்தோலைத் தந்தவர்கள், கொங்கு நாட்டில் மாதாரி என்று அழைக்கப்பட்ட அருந்ததிய மக்கள். இறந்த மாட்டை ஊரிலிருந்து அப்புறப்படுத்துவது அவர்கள்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அக்கடமைக்குள் ஒரு முழுமையான கலை மறைந்திருந்தது. உயிர் பிரிந்த சில மணி நேரத்திற்குள் தோலை உரித்தாக வேண்டும். வெயிலில் தாமதித்தால் அழுகல் தொடங்கிவிடும். முதற்கோடு கீறுவதற்கு மட்டுமே கத்தி முனை. அதன்பின் கைமுட்டியால் தள்ளித் தோலைத் தசையினின்று பிரிப்பர். கத்தி சற்றே ஆழ்ந்தால் தோலில் கீறல் விழும். கீறல் விழுந்த தோலில் தண்ணீர் நிற்காது. விலங்கின் எந்தப் பகுதியும் வீணாகவில்லை. தோல் சாலாகவும் செருப்பாகவும் வாராகவும் பறையாகவும் மாறியது. கொழுப்பு தோலுக்கு மெருகாயிற்று. இறைச்சி பசித்த வீட்டின் உணவாகி, மிஞ்சியது உப்புக்கண்டமாயிற்று.

பதனிடும் வேலை ஊருக்குப் புறத்தே திறந்த வெளியில் நடந்தது. சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறிய தோலிலிருந்து மயிரை மழித்து, உட்புறத்துத் தசையைச் சுரண்டிக் கழுவுவர். பின்னர் ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில் தோலை இடுவர். முதலில் மெல்லிய சாறு, பின்னரே கெட்டியான சாறு. முறை மாறினால் மேற்புறம் இறுகிக்கொள்ள உள்ளே பச்சைத் தோலாகவே நிற்கும். ஓரத்தை வெட்டிப் பார்த்து, நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் பதம் வரவில்லை என்று அறிவர். கடைசியாகக் கடுக்காய்ச் சாறும் புங்க எண்ணெயும் ஏற்றி நிழலில் உலர்த்துவர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு, இம்மக்கள் ஆவாரஞ்செடியைப் பெரிதும் போற்றியதையும், திருமணத்திற்கு முன் அதன் கிளைக்குத் தாலி கட்டும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறது. உணவளித்த செடியை உறவாக்கிக்கொண்ட உள்ளம் அது!

இவ்வித்தையின் உட்பொருள் என்ன என்பதை அறிவியல் பின்னரே விளக்கியது. தோலில் உள்ள கொலாஜன் என்னும் இழைப்பொருளோடு பட்டையின் துவர்ப்புப் பொருள் பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தோன்றியது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழை அமைப்பை உலகுக்கு அறிவித்தனர். ஆய்வகம் கண்ணால் கண்டதைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் தடவி அறிந்திருந்தவர்களோ எழுத்தறிய அனுமதிக்கப்படாதவர்கள்.

தந்தையின் அருகே குந்தியிருந்து பார்த்தே மகன் கற்றான். ஆனால் அவன் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டணம் செலுத்திக் காட்டோரத்தில் தங்கி, விலங்கை முழுமையாக அறுத்துப் பயன்கொள்ளவும் தோலைப் பதனிடவும் கற்போர் இருக்கின்றனர். விரும்பிக் கற்பவருக்கு இது விடுதலை தரும் கல்வி. வேறு கதவுகள் யாவும் அடைக்கப்பட்டுக் கற்றவருக்கு இது விலங்கு. ஆண்டுக்கொரு முறை களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமே பெரும்பாலும் அவர் ஊதியம்.

இழிவோ மிகப் பழையது. புறநானூற்றின் 82ஆம் பாடல், மாலைப்பொழுதில் விரைந்து வாரால் கட்டில் பின்னும் ஒருவரின் ஊசியைப் போரின் வேகத்திற்கு உவமையாக்குகிறது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை. அவரது கைத்திறனை வியந்த அதே பாடல் அவரைச் சுட்டும் சொல் இழிசொல்லே. கொங்கு நாட்டின் கிணற்றடியிலும் இம்முரண் தொடர்ந்தது. தோலைத் தொட்டவர் தீட்டுக்குரியவர். தோல் தொட்ட நீருக்குத் தீட்டில்லை! அந்நீரில் விளைந்ததை ஊரே உண்டது. சாலைத் தைத்தவரோ அக்கிணற்றில் தாமே நீர் முகக்கக் கூடாது.

காலம் மாறியது. நீடித்து உழைக்கும் சாலுக்காகவே குரோம் முறையில் தோல் பதனிட எண்ணிய ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் சோதனைகளைத் தொடங்கினார். அரசு தொழில் நடத்துவதை இலண்டன் மேலிடம் விரும்பாமையால் 1910இல் அத்தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்திற்கு விற்கப்பட்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பின்னர் கோவை மின்மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமாயிற்று. தோட்டந்தோறும் கவலை ஓய்ந்தது. தோலின் தேவையும் ஓய்ந்தது. ஆயினும் மாதாரியின்மேல் ஒட்டிய இழிவு ஓயவில்லை.

இவ்விடத்தில் திருத்தூதர் பணிகள் நூல் நமக்கு முன்னே நிற்கிறது. யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். அது கடலோரத்தில் இருந்தது. தோல் பதனிடும் இடம் நகரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்பது யூதரின் மிஷ்னா சட்டம். அந்த வீட்டு மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லலாகாது என்னும் காட்சியைப் பேதுரு பெற்றார். அந்த வீட்டு வாசலில்தான் பிற இனத்தவரான கொர்னேலியு அனுப்பிய ஆள்கள் வந்து நின்றனர். வரிசையை நாம் கவனிக்க வேண்டும். காட்சி கண்டபின் பேதுரு அவ்வீட்டிற்குப் போகவில்லை. அவ்வீட்டில் உண்டு உறங்கியபின்னரே காட்சி கண்டார். ஒதுக்கப்பட்டவரின் திண்ணையில் அமராத இறையியலுக்கு வானம் திறப்பதில்லை.

நம் மறைமாவட்டத்தின் தொடக்கத்திலேயே இக்கேள்வி எழுந்தது. 1850இல் கோவையின் முதல் திருத்தூதரகப் பதிலாளான ஆயர் மரியோன் தெ பிரெசிலாக், சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்ற கேள்வியால் மனச்சான்று அமைதியுறாமல் 1855இல் பதவி துறந்தார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859இல் ஆப்பிரிக்க மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. திருச்சபைக்குள் தலித் மக்கள் இன்றும் பாகுபாட்டுக்கு ஆளாவதை 2016இல் இந்திய ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2009இல் தமிழக அரசு அருந்ததியருக்கு அளித்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக, திருமுழுக்குப் பெற்ற அருந்ததியருக்குக் கிட்டுவதில்லை. நற்செய்தியை ஏற்றதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

மாதாரியின் பேரன் மீண்டும் தோல் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவன் பொறியியல் கற்கட்டும். விரும்பினால் தோல் நுட்பத்தையே ஆய்வகத்தில் கற்கட்டும். நம் கடமை வேறு. அவ்வித்தையை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம் பங்குகளில் வாழ்கின்றனர். அவர்கள் கருவிகளின் பெயர்களையும், பதம் பார்க்கும் முறைகளையும், பட்ட அவமானங்களையும் அவர்கள் வாய்மொழியாகவே நாம் எழுதிக்கொள்ள வேண்டும். கொங்கு நாட்டு உழவின் வரலாற்றை நம் பள்ளிகளில் கற்பிக்கும்போது உழவரின் பெயரோடு அவர்கள் பெயரும் ஒலிக்க வேண்டும்.

பொங்கலுக்கு முன்னாள் கொங்கு நாட்டு வீடுகளில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோம். பூவை வாசலில் ஏற்றோம். பட்டையை இடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அவரை வீட்டினுள் அழைத்து, உடன் அமர்ந்து உண்ணும் நாளில்தான் சீமோன் வீட்டில் பேதுரு கற்ற பாடத்தை நாமும் கற்றவர்கள் ஆவோம்.